வேகத்துக்கு உரிய இடம்

விலையுயர்ந்த பொருள் ஒன்றை வாங்க எண்ணுபவரிடம் அறநெறி பேசுவோர் வழக்கமாக ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கின்றனர்: 'இது உமக்குத் தேவையா?' கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் போய்விடுகின்றனர். தேவையில்லை என்பது கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். ஆதலால் அக்கேள்வி எவரையும் மாற்றுவதில்லை. வாங்க நினைத்தவர் வாங்கத்தான் செய்கிறார். சற்றே கூச்சத்தோடு வாங்குகிறார், அவ்வளவுதான். அதன்பின் எதை வாங்குவது, அதை எங்கே எப்படிப் பயன்படுத்துவது என்பவையெல்லாம் அவரவர் சுவையைப் பொறுத்தவை என்று விடப்படுகின்றன. நம் கருத்தில், அறநெறிக்கு உண்மையான வேலை அங்கேதான் தொடங்குகிறது.

இதனை உயர்ரக ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைத் தெரிவு செய்யும் செயலை வைத்து ஆராய விழைகிறோம். வாசகர் புன்னகைக்கக்கூடும். இத்திங்களிதழைப் படிப்போரில் அத்தகைய காரை வாங்கக்கூடியவரை எண்ணக் கைவிரல்களே மிகுதி. ஆயினும் ஏழைக்கு ஓர் அறமும் செல்வனுக்கு ஓர் அறமும் இல்லை. செல்வன் தன் பணத்தோடு என்ன செய்யவேண்டும் என்று பேசும் நாம், அவன் தன் வேகத்தோடு என்ன செய்யவேண்டும் என்றும் பேசக் கற்றுக்கொள்வது நல்லது.

நாம் சில கோடைக்காலங்களில் ஜெர்மனியின் ஐஃபல் மலைப்பகுதியில், விடுப்பில் சென்ற பங்குத்தந்தையருக்குப் பதிலாகப் பணியாற்றியதுண்டு. அப்பகுதியின் காடுகளுக்கு நடுவேதான் நூர்பர்க்ரிங் என்னும் உலகப் புகழ்பெற்ற பந்தயத்தடம் இருக்கிறது. 1927இல் திறக்கப்பட்ட அதன் வடக்குச் சுற்று ஏறத்தாழ 20.8 கிலோமீட்டர் நீளமுடையது. மலையேறி, மலையிறங்கி, ஊர்களின் ஓரமாய் வளைந்து செல்கிறது. காற்று அடிக்கும் திசையைப் பொறுத்து, ஞாயிறு மாலையில் கோவில் மணியோடு இன்ஜின்களின் முழக்கமும் சேர்ந்தே கேட்கும். அங்கே நமக்குப் பழக்கமான பொறியாளர் ஒருவர், ஐம்பது வயதைக் கடந்தவர், பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர், ஒரு தாளை நம்முன் விரித்தார். இடப்பக்கம் 'நெடும்பயணம்', வலப்பக்கம் 'தடம்' என்று எழுதியிருந்தது. ஆண்டுக்கு இருமுறை மனைவியோடு ஆல்ப்ஸ் மலை கடந்து இத்தாலி செல்லவேண்டும். ஐந்தாறு முறை பந்தயத்தடத்தில் ஓட்டவேண்டும். இரண்டுக்கும் ஒரே கார். எதை வாங்கலாம் என்பதே கேள்வி. நம்மிடம் கேட்டது எதனால் என்றோம். காரைப் பற்றித் தெரிந்தவர்கள் எல்லாரையும் கேட்டுவிட்டதாகச் சொன்னார்.

மேல்நாட்டில் 'டிராக் டே' என்று ஒன்று உண்டு. அது பந்தயமன்று. பரிசு இல்லை; பெரும்பாலும் நேரக் கணக்கும் இல்லை. கட்டணம் செலுத்தி, தலைக்கவசம் அணிந்து, சாலையில் ஓட்டும் சொந்தக் காரையே மூடிய தடத்தில் அதன் எல்லைவரை ஓட்டிப் பார்க்கும் நாள் அது. நம் வாசகரில் மூத்தவர்கள், சென்னைக்கு வடக்கே சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களைக் கண்டிருப்பார்கள். அங்கே வென்றவர் தோற்றவர் உண்டு. டிராக் டேயில் எவரும் வெல்வதில்லை. தம் திறமையின் அளவை மட்டும் அறிந்துகொண்டு வீடு திரும்புவர். அறிந்துகொள்ள மறுப்பவரும் உண்டு.

அந்தத் தாளின் இரு பக்கங்களும் ஒன்றோடொன்று மோதின. தடம் கேட்பதைச் சாலை வெறுக்கிறது. தடத்துக்கு இறுக்கமான சஸ்பென்ஷன் வேண்டும். எண்ணூறு கிலோமீட்டர் பயணத்தில் அதே இறுக்கம் முதுகெலும்பைப் பதம் பார்க்கும். தடத்துக்கான டயரில் பள்ளக்கோடுகள் மிகக் குறைவு. உலர்ந்த, சூடேறிய தரையில் அது பசைபோல் ஒட்டும். அதே டயர் குளிர்ந்த காலையில், நீர் தேங்கிய நெடுஞ்சாலையில் பிடிப்பை இழந்து நீர்மேல் வழுக்கும். தடத்துக்குக் காரின் வயிறு தரையை உரசும் அளவு தாழ்ந்திருப்பது நல்லது. மலையூர் விடுதியின் வாயில் சரிவில் அது முட்டிக்கொள்ளும். அதற்கென்றே முன்னச்சைச் சிறிது உயர்த்தித் தரும் பொறியைத் தனிவிலைக்கு விற்கிறார்கள். தொட்டில்போல் உடலைக் கவ்விப் பிடிக்கும் இருக்கை வளைவுகளில் உதவும். ஆனால் அதைச் சாய்க்க முடியாது, தூங்க முடியாது.

பிரேக்கின் கதை இன்னும் நுணுக்கமானது. உயர்ரகக் கார்களில் கார்பன் செராமிக் தட்டுகள் வருகின்றன. வார்ப்பிரும்புத் தட்டின் எடையில் ஏறத்தாழப் பாதிதான், சாலையில் ஓட்டினால் ஆண்டுகள் பல தேயாமல் இருக்கும், துருவும் பிடிக்காது. பார்த்தால் தடத்துக்கென்றே செய்தவை என்று தோன்றும். ஆனால் அடிக்கடி தடத்தில் ஓட்டுவோர் பலர் இரும்புத் தட்டையே விரும்பிக் கேட்டு வாங்குகின்றனர். மீண்டும் மீண்டும் கடுஞ்சூடு ஏறினால் செராமிக் தட்டின் கார்பன் மெல்ல எரிந்து நலிகிறது; மாற்றும் செலவோ தலைசுற்ற வைப்பது. இரும்பு தேய்ந்தால் மலிவாக மாற்றிவிடலாம். விலையுயர்ந்ததே மேலானது என்ற எண்ணம் இங்கே தோற்கிறது. இன்னொன்று: பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏற ஏற அதன் கொதிநிலை தாழும். தடத்தின் சூட்டில் அது கொதித்துக் குமிழி விட்டால், மிதி அடிவரை இறங்கும், கார் நிற்காது. இரண்டு இலட்சம் யூரோ காரின் உரிமையாளர் உயிர், சில யூரோ மதிப்புள்ள எண்ணெயை உரிய காலத்தில் மாற்றினாரா என்பதில் தொங்குகிறது.

இத்தகைய மோதலைத் தீர்க்கத்தான் உற்பத்தியாளர்கள் பெருமுயற்சி எடுத்துள்ளனர். போர்ஷே நிறுவனத்தின் 911 ஜிடி3 இதற்கு நல்ல சான்று. 2021இல் வந்த அதன் வடிவில் நான்கு லிட்டர் இன்ஜின், டர்போ இல்லை, 510 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 9,000 சுழற்சிவரை பாடும். பின்புறம் பெரிய இறக்கை நிற்கும். அதே ஆண்டில் இறக்கையை நீக்கி 'டூரிங்' என்னும் உருவையும் தந்தனர். 2024இல் வந்த மறுவடிவில் விரும்புவோர்க்குப் பின்னிருக்கையும் பொருத்தித் தந்தனர். பந்தயத்தடத்தின் இன்ஜினும் குழந்தையை உட்காரவைக்கும் இருக்கையும் ஒரே கூரையின்கீழ் வந்துவிட்டன. பொறியியல் வகையில் இது வியப்புக்குரியது. அறநெறி வகையில் நம்மைச் சற்றுத் தயங்கவும் வைப்பது.

காரணம் இது. வேகம் இருமடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகிறது. மணிக்கு 100 கிலோமீட்டரில் நல்ல பிரேக் உள்ள கார் ஏறத்தாழ 35 மீட்டரில் நின்றுவிடும். அதே கார் 200இல் நிற்க ஏறத்தாழ 140 மீட்டர் வேண்டும். இது மிதியை அழுத்திய பிறகு. கண் கண்டு, மூளை உணர்ந்து, கால் அசைவதற்கு ஒரு விநாடி என்று கொண்டால், 200 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு விநாடிக்குள் கார் 55 மீட்டர் கடந்திருக்கும். எந்தப் பொறியாளரும் இந்தக் கணக்கைக் குறைத்துத் தர முடியாது. காரின் திறன் ஏறிக்கொண்டே போகிறது. சாலையோரத்துச் சிறுவனின் எலும்பின் உறுதி ஏறவில்லை.

இன்னொரு விந்தையும் உண்டு. மிகுதிறன் கொண்ட கார் சட்டம் அனுமதிக்கும் வேகத்தில் சலிப்பூட்டுகிறது. 2019இல் வந்த கேமன் ஜிடி4 என்னும் காரை எடுத்துக்கொள்வோம், பலராலும் போற்றப்பட்டது, நாம் அறிந்தவரை தகுதியான புகழ்தான். அது இரண்டாவது கியரிலேயே மணிக்கு 130 கிலோமீட்டரைத் தாண்டிவிடும். மீதி நான்கு கியர்கள் எதற்கு என்று ஓட்டுநர் வியக்கலாம். இன்ஜின் முழுக்குரலில் பாடுவதைக் கேட்கவேண்டுமானால், ஐரோப்பாவின் பெரும்பாலான சாலைகளில் சட்டத்தை மீறித்தான் ஆகவேண்டும். ஆக, அக்காரின் இன்பம் குற்றத்தின் வாசலுக்கு அப்பால் வைக்கப்பட்டிருக்கிறது. வாசற்படியில் நாள்தோறும் நிற்பவன் ஒருநாள் உள்ளே நுழைவான் என்று சொல்லப் பெரிய உளவியல் வேண்டியதில்லை. பழைய அறநெறியாளர் இதனைச் 'சோதனைக்குரிய சூழல்' என்றனர். மதுவுக்கு மட்டுமே அச்சொல்லை நாம் ஒதுக்கிவிட்டோம்.

இதற்கு எதிர்முனையில் 2017இல் மறுபிறவி எடுத்த அல்பைன் ஏ110 இருந்தது. அலுமினிய உடல், எடை ஏறத்தாழ 1,100 கிலோ, 1.8 லிட்டர் இன்ஜின். தொடக்க உருவில் 252 குதிரைத்திறன். மேற்சொன்ன போர்ஷேயின் திறனில் பாதிக்கும் குறைவு. ஆயினும் இலேசான உடல் என்பதால் 70, 80 கிலோமீட்டரிலேயே வளைவின் இனிமை கைக்கு எட்டுகிறது. மென்மையான சஸ்பென்ஷன் கரடுமுரடான சாலையையும் மன்னிக்கிறது. தடத்தில் அது பெரிய கார்களுக்கு வழிவிட வேண்டியிருக்கும். வழிவிடுவதில் என்ன இழிவு?

ஜெர்மனியில் வேகவரம்பே இல்லையே என்பர். நெடுஞ்சாலையின் பல பகுதிகளில் கட்டாய வரம்பு இல்லை என்பது உண்மைதான். ஆனால் 130 என்பது பரிந்துரைக்கப்பட்ட வேகம். அதைத் தாண்டிச் சென்றவர், விபத்து மற்றவர் தவறால் நேர்ந்தாலும், இழப்பில் ஒரு பங்கைத் தாமும் சுமக்க நேரிடலாம் என்று அந்நாட்டுக் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 1992இல் தீர்ப்பளித்தது. தடை செய்யப்படாத செயலும் பொறுப்பிலிருந்து விடுபட்ட செயல் அன்று என்பதே அத்தீர்ப்பின் சாரம். இவ்வளவு தெளிவான அறநெறிப் பாடத்தை நாம் மறையுரைகளில் அரிதாகவே கேட்டிருக்கிறோம். நம்முடையவையும் அதில் அடக்கம்.

சாலையும் தடமும் ஒரு காலத்தில் ஒன்றாகவே இருந்தன என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். இத்தாலியில் 1927இல் தொடங்கிய மில்லே மிலியா என்னும் பந்தயம், பிரேசியாவில் புறப்பட்டு உரோமை வரை சென்று மீண்டும் பிரேசியா வந்தது. ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். ஊர்த்தெருக்களே தடம். மக்கள் நாற்காலி போட்டு வீட்டுவாசலில் அமர்ந்து பார்ப்பார்கள். குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொள்வார்கள். 1957 மே 12 அன்று, குயிதித்சோலோ என்னும் சிற்றூருக்கு அருகே, அல்போன்சோ தே போர்த்தாகோ ஓட்டிய ஃபெராரியின் டயர் வெடித்தது. போர்த்தாகோவும் உடன் சென்ற எட்மண்ட் நெல்சனும் இறந்தனர். பார்த்துக்கொண்டிருந்தோரில் ஒன்பது பேர் இறந்தனர். அவர்களில் ஐவர் குழந்தைகள். இத்தாலியச் சாலைகளில் அந்த வேகப்பந்தயம் அத்தோடு முடிவுற்றது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பே, 1955 ஜூன் 11 அன்று, பிரான்சின் லெ மான் தடத்தில் ஒரு கார் கூட்டத்துக்குள் சிதறி எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டிருந்தனர். சுவிட்சர்லாந்து அதன்பின் தன் மண்ணில் சுற்றுத்தடப் பந்தயங்களையே தடைசெய்தது. பல பத்தாண்டுகள் அத்தடை நீடித்தது.

குயிதித்சோலோ விபத்துக்காக என்சோ ஃபெராரியின்மீது வழக்குத் தொடரப்பட்டது. டயர்கள் அவ்வேகத்துக்குத் தகுதியற்றவை என்பது குற்றச்சாட்டு. நான்காண்டுகளுக்குப் பின், 1961இல் அவர் விடுவிக்கப்பட்டார். இதற்கிடையே 1958 ஜூலையில் அவருடைய ஓட்டுநர் லூயிஜி முசோ பிரான்சின் ரைம்ஸ் தடத்தில் இறந்தார். அப்போது வத்திக்கான் நாளேடான 'லொஸ்ஸெர்வாத்தோரே ரொமானோ' ஃபெராரியைக் கடுமையாகச் சாடியது: தன் பிள்ளைகளையே விழுங்கும் பழைய உரோமைத் தெய்வமான சாத்தூர்னுக்கு அவரை ஒப்பிட்டது. இரண்டாண்டுகளுக்கு முன், 1956இல், தசை நலிவு நோயால் தம் ஒரே மகனென அப்போது உலகம் அறிந்திருந்த தீனோவைப் புதைத்த தந்தை அவர். அந்த உவமை அவரை எங்கே தைத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். நாளேட்டின் சீற்றம் நியாயமானதே என்பது நம் கருத்து. உவமை இரக்கமற்றது என்பதும் நம் கருத்து. 1988 ஜூன் 4 அன்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் மரனெல்லோ நகரின் ஃபெராரி ஆலைக்கே வந்தார். அதன் சோதனைத் தடத்தில் திறந்த ஃபெராரி காரில் வலம் வந்தார். முதியவர் ஃபெராரி அப்போது நோயுற்றிருந்தார், நேரில் காண இயலவில்லை, தொலைபேசியில் பேசிக்கொண்டனர். இரு மாதங்களுக்குப் பின் அவர் காலமானார்.

முசோவின் இறப்பையும் குயிதித்சோலோக் குழந்தைகளின் இறப்பையும் ஒரே தட்டில் வைக்கலாமா? வைக்கலாகாது. முசோ அறிந்து ஏற்றார். அவ்வேற்பு முழுமையானதா, கடனும் புகழும் போட்டியும் அவரைத் தள்ளினவா என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆயினும் அவர் தலைக்கவசத்தைத் தாமே அணிந்தார். வீட்டுவாசலில் நின்ற குழந்தை எதையும் ஏற்கவில்லை. இடர் என்பது ஏற்றவனுக்கு விளையாட்டாகலாம். ஏற்காதவனுக்கு அது வன்முறை. சாலைக்கும் தடத்துக்கும் இடையே எழுப்பப்பட்ட வேலி இந்த ஒரு வேறுபாட்டின்மேல் நிற்கிறது. பொறியாளரின் தாளில் இரு பக்கங்களையும் பிரித்த கோட்டை, ஒரே காரில் இரண்டையும் அடக்கும் பெருமிதத்தில் அழித்துவிடக் கூடாது என்று நாம் அவரிடம் சொன்னது இதனால்தான்.

நூர்பர்க்ரிங்கோ அந்தக் கோட்டை மங்கலாக்கும் இடம். போட்டிகள் இல்லாத நாள்களில் எவரும் சீட்டு வாங்கி உள்ளே செல்லலாம்; ஓட்டுநர் உரிமமும் சாலைக்குத் தகுதியான காரும் போதும். சட்டத்தின் பார்வையில் அது அப்போது கட்டணச் சாலை. சாலை விதிகள் அங்கும் செல்லும். நேரம் கணித்து ஓட்டுவது அனுமதிக்கப்படுவதில்லை. முன்னே முதியவர் ஒருவர் குடும்பக் காரில் காடு பார்த்தபடி செல்வார்; பின்னே ஐந்நூறு குதிரைத்திறன் சீறிவரும். இரும்புத் தடுப்பை மோதிச் சேதப்படுத்தினால் அதற்கான தொகையை ஓட்டுநரே கொடுக்கவேண்டும். காப்பீட்டு நிறுவனங்கள் பலவும் அங்கு நேரும் விபத்துகளை ஏற்பதில்லை. 1976 ஆகஸ்டு 1 அன்று நிக்கி லௌடா எரியும் காரிலிருந்து மீட்கப்பட்டதும் அங்கேதான். அதன்பின் ஃபார்முலா ஒன் பந்தயம் வடக்குச் சுற்றுக்குத் திரும்பவேயில்லை. தொழில்முறை வீரர்கள் பின்வாங்கிய இடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை விருப்பத்துக்காகச் செல்பவர்களைத் தடுக்க நமக்கு மனமில்லை. சுற்றிலும் அகன்ற மணற்பரப்பும் புல்வெளியும் உள்ள சிறிய தடத்தில், பயிற்றுநர் அருகிருக்க முதல் ஓராண்டு ஓட்டிவிட்டுப் பிறகு அங்கே போகலாம் என்பது நம் எண்ணம். பொறியாளர் அதற்கு ஒப்பவில்லை. வீட்டிலிருந்து அரைமணித் தொலைவில் இருப்பதை விட்டு வேறெங்கே போவது என்றார்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் போனால் வாசகர் விடமாட்டார்கள். 2024இன் ஜிடி3 ஜெர்மனியில் இரண்டு இலட்சம் யூரோவுக்கு மேல் விலை குறிக்கப்பட்டது. இதை எப்படி நியாயப்படுத்துவது? புனித தோமா அக்குவினாஸ் தம் 'இறையியல் தொகை'யில் பெருந்தகைச் செலவு என்னும் நற்பண்பைப் பற்றிப் பேசுகிறார். பெரும்பொருள் செலவிட்டுப் பெருஞ்செயல் செய்வது அது. ஆனால் தன் ஒருவனுக்காகச் செலவிடுவது, எவ்வளவு பெரிய தொகையானாலும், சிறிய செயலே என்கிறார். இறைவனுக்கும் பொதுநலனுக்கும் உரியவைதாம் பெரியவை. தனக்கென்று செய்வதில் இரண்டை மட்டும் விலக்காக ஏற்கிறார்: திருமணம்போல் வாழ்வில் ஒருமுறை நிகழ்வது; வீடுபோல் நெடுங்காலம் நிலைப்பது. கார் இவ்விரண்டில் எதில் சேரும்? மூன்றாண்டுக்கு ஒருமுறை புதியது வாங்குபவருக்கு எதிலும் சேராது. ஒன்றை வாங்கி இருபதாண்டு பேணி ஓட்டுபவருக்கு வாதாட ஓரளவு இடமுண்டு. அரிய கார்களைத் திரைபோட்டு மூடிவைத்து, விலை ஏறியபின் விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களைவிட, ஓட்டித் தேய்ப்பவர் பொருளின் இயல்புக்கு நேர்மையானவர் என்றே நமக்குப் படுகிறது.

அதே அக்குவினாஸ் விளையாட்டையும் ஒரு நற்பண்பின்கீழ் வைக்கிறார். திருத்தூதர் யோவான் சீடரோடு விளையாடுவதைக் கண்டு ஒருவர் இடறல்பட்டார் என்றும், வில்லேந்திய அவரிடம் தொடர்ந்து அம்பெய்துகொண்டே இருக்க முடியுமா என்று யோவான் கேட்டார் என்றும், வில் முறிந்துவிடும் என்று விடை வந்தது என்றும் பழைய கதையொன்றை அவர் எடுத்துரைக்கிறார். மனமும் அத்தகைய வில்தான். விளையாட்டே அறியாதவனிடமும் குறை உண்டு என்று சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. ஆனால் விளையாட்டுக்கு அவர் வைக்கும் நிபந்தனைகளுள் ஒன்று நம் கட்டுரைக்கு நேரே வருகிறது: ஆளுக்கும் நேரத்துக்கும் இடத்துக்கும் அது பொருந்தவேண்டும். இடம் என்ற அச்சொல்லை எழுதியபோது பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவிக்குக் குதிரையைவிட விரைவான எதுவும் தெரிந்திராது.

2017 நவம்பரில் லம்போர்கினி நிறுவனம் வெள்ளை நிற ஊராக்கான் ஒன்றை மறைந்த திருத்தந்தை பிரான்சிசுக்குப் பரிசளித்தது. அவர் அதை ஆசீர்வதித்து, முன்மூடியில் கையொப்பமிட்டு, ஏலத்துக்கு அனுப்பினார். 2018 மே மாதம் மொனாக்கோவில் அது 7,15,000 யூரோவுக்கு விலைபோனது. ஈராக்கின் நினிவே சமவெளியில் இடிந்த வீடுகளை மீளக் கட்டுவது உள்ளிட்ட பணிகளுக்குத் தொகை சென்றது. நம்மவர் பலர் இதைச் சொல்லி, ஆடம்பரக் காருக்கு உரிய முடிவு இதுவே என்று மகிழ்ந்தனர். மகிழ்ச்சி சரியே. ஆனால் அந்தக் காரை வாங்க ஒருவர் இருந்ததனால்தான் தொகை வந்தது. வாங்கியவரை மனத்துக்குள் ஏளனம் செய்துகொண்டு, அவர் தந்த பணத்தை மட்டும் தூயதெனக் கொள்வது எப்படி நேர்மையாகும்? தைலக்குப்பியை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே என்று பெத்தானியாவில் கேட்டவன் யார் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. அதற்காகக் காரைத் தைலமாக்கிவிடவும் நாம் ஒருப்படோம். 2007இல் புலம்பெயர்ந்தோர் மற்றும் பயணிகளுக்கான திருப்பீட அவை வெளியிட்ட சாலைப்பணி வழிகாட்டியில் ஓட்டுநருக்கான பத்துக் கட்டளைகள் உள்ளன. கார் அதிகாரத்தையும் ஆதிக்கத்தையும் காட்டும் கருவியாகக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. கார் விலையைப் பற்றி அக்கட்டளைகளில் ஒரு சொல்லும் இல்லை.

ஆதலால் பொறியாளரின் தாளை மீண்டும் எடுத்துக்கொண்டோம். சாலைப் பக்கத்துக்கு முதலிடம் தரவேண்டும் என்றோம். அவர் ஓட்டும் நூறு கிலோமீட்டரில் தொண்ணூற்றுக்கு மேல் மற்றவரோடு பகிர்ந்த சாலையில்தான் கழியும், தடம் மீதியே. ஆகவே எழுபதிலும் எண்பதிலும் இன்பம் தரும் காரைத் தேடவேண்டும். எடை குறைந்தது, கையால் கியர் மாற்றுவது, ஸ்டீயரிங் வழியே சாலையைக் கைக்குச் சொல்வது. இறக்கை வேண்டாம். இரும்புப் பிரேக் போதும். சக்கரங்கள் இரண்டு தொகுதி: ஒன்றில் மழைக்கும் தகுந்த டயர், மற்றதில் தடத்துக்கான டயர், தடத்து டயரைப் பூட்டியபடி ஆல்ப்ஸுக்குப் போகலாகாது. ஒவ்வொரு தட நாளுக்கு முன்னும் புதிய பிரேக் எண்ணெய். தடத்துக்குத் தனிக் காப்பீடு. காரின் விலையில் பத்தில் ஒரு பங்கைப் பயிற்சிக்கு ஒதுக்க இயலாதெனில் அதற்குக் கீழான காரையே வாங்குவது. இப்பட்டியலில் கடைசியானதை மட்டும் அவர் அடிக்கோடிட்டார்; மற்றவை அவருக்கு முன்பே தெரியும்.

இத்தாலிக்குச் செல்ல அவர் விரும்பிய வழி ஸ்டெல்வியோ கணவாய். 1820ஆம் ஆண்டுகளில் ஆஸ்திரிய ஆட்சியில் அமைக்கப்பட்ட பாதை. உச்சி 2,757 மீட்டர். பிராத்தோ பக்கமிருந்து ஏறினால் 48 கொண்டையூசி வளைவுகள். படங்களில் அது வேகக்கார்களின் விண்ணகம்போல் தோன்றும். கோடையில் உண்மை நிலை வேறு: வளைவுக்கு வளைவு மிதிவண்டிக்காரர் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருப்பார், எதிரே வரும் பேருந்து முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும். முதல் கியரும் இரண்டாம் கியருமே வேலை செய்யும். அந்த 48 வளைவுகளில் 510 குதிரைத்திறனில் நானூறு உறங்கித்தான் போகும்.

அந்தப் பயணத்தில் அருகிருக்கையில் அமரப்போகும் அவருடைய மனைவியை அதுவரை எவரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. வெள்ளோட்டத்துக்கு அவரையும் அழைத்துச் செல்லும்படியும், அந்த இருக்கை எப்படி இருக்கவேண்டும் என்பதை மட்டுமாவது அவரே முடிவு செய்யட்டும் என்றும் கேட்டுக்கொண்டோம். சாய்க்கமுடியாத தொட்டில் இருக்கையில் அம்மையார் பத்து நிமிடம் அமர்ந்து பார்த்தாராம். இறங்கி வந்து, விற்பனையாளரிடம், ஏறத்தாழ மூவாயிரம் யூரோ குறைவான சாதாரண இருக்கையைக் காட்டச் சொன்னாராம்.